சரிவுப் பலகை வாங்குமுன் அளவு நாடாவை எடுங்கள்

போன வாரமும் அதே கதைதான். பக்கவாதம் வந்து வீடு திரும்பிய அம்மாவுக்காக மகன் இணையத்தில் ஒரு ரப்பர் சரிவுப் பலகை வாங்கி வாசற்படியில் போட்டிருந்தார். படியின் உயரம் 15 சென்டிமீட்டர். பலகை ஒரு முழம்கூட இல்லை. பணிப்பெண் தம் கட்டித் தள்ள, முன்சக்கரங்கள் தூக்கிக்கொண்டு சக்கர நாற்காலி பின்பக்கம் சாய்ந்துவிட்டது. எதிர்ச்சுவர் தாங்கியதால் தலை தப்பியது. "ராம்ப் போட்டுட்டோமே, அப்புறம் எப்படிங்க?" என்று என்னையே கேட்கிறார்.

நோயாளிகள் அன்றாட வேலைகளைச் செய்ய உதவும் செயல்வழிச் சிகிச்சையாளராக, சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளுக்குப் போய் வரும் எனக்கு இந்தக் கேள்வி அலுத்துவிட்டது. ராம்ப் இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை, எவ்வளவு நீளம் என்பதுதான் கேள்வி. கணக்கு 1:12. ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு 12 சென்டிமீட்டர் நீளம். 10 சென்டிமீட்டர் படிக்கு 120, 15க்கு 180. "அம்மா ஒல்லிதான், சமாளிச்சுக்கலாம்" என்பார்கள். அம்மா ஒல்லி என்பதற்காகச் சரிவு குறையாது. "மோட்டார் வச்ச நாற்காலிதான், அதுவே ஏறிடும்" என்பார்கள். அந்த வண்டிக்கும் ஏறக்கூடிய சரிவுக்கு ஓர் எல்லை உண்டு, கையேட்டில் போட்டிருக்கும். கனமான வண்டி, கவிழ்ந்தால் அடியும் பலமாக இருக்கும். பலசாலி ஒருவர் பின்னால் நின்று தள்ளினால் சற்றுச் செங்குத்தாக இருந்தாலும் ஓட்டலாம். அதற்காக முழ நீளப் பலகை எந்தக் கணக்கிலும் சேராது. இறக்கும்போது நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாக இறக்குங்கள். இதைப் பணிப்பெண்ணுக்கு யாரும் சொல்லித் தருவதே இல்லை.

சரி, 180 சென்டிமீட்டர் வெளியே நீட்டினால்? பொது நடைபாதை அடைபடும். அங்கே 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். ஆகவே நீங்களாகவே சிமெண்ட் பூசாதீர்கள். முதியவர்களுக்கு ஏற்றபடி வீட்டை மாற்றித் தரும் வீவகவின் 'ஈஸ்' திட்டம் 2012 முதல் நடக்கிறது. குடியுரிமை உள்ளவர்களின் சொந்த வீவக வீட்டில் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர் இருந்தால் விண்ணப்பிக்கலாம். 60 முதல் 64 வரை என்றால் குளிக்க, உடுத்த, நடமாடத் துணை தேவைப்படுபவராக இருக்க வேண்டும். சரிவுப்பாதை, கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, எல்லாவற்றிலும் 95 விழுக்காடு வரை மானியம். ராம்புக்கு இடமில்லாத சில வாசல்களுக்கு நாற்காலியோடு ஆளை ஏற்றி இறக்கும் சிறு தூக்கியும் உண்டு.

அடுத்தது குளியலறை. கடன் வாங்கிப் புது டைல்ஸ், கண்ணாடித் தடுப்பு, மழைபோல் கொட்டும் ஷவர். கதவு மட்டும் பழைய அகலம், நாற்காலி உள்ளே நுழையாது! பல வீடுகளில் உடைக்கவே தேவையில்லை. கதவைக் கழற்றிவிட்டுத் திரை போட்டாலே சில சென்டிமீட்டர் கிடைக்கும். இல்லையென்றால், சக்கரம் வைத்த ஒடுக்கமான குளியல் நாற்காலிக்கு அறையிலேயே மாற்றி உட்காரவைத்துத் தள்ளிப் போங்கள். அதை அப்படியே கழிப்பறைப் பீங்கானுக்கு மேல் நிறுத்தலாம். உடைத்தே ஆகவேண்டும் என்றால் அனுமதி வாங்குங்கள். வீட்டுப் புகலிட அறை (போர்க்காலப் பாதுகாப்பு அறை) சுவரின் பக்கமே போகாதீர்கள்.

உறிஞ்சி ஒட்டும் கைப்பிடியைத் தயவுசெய்து தூக்கி எறியுங்கள். துண்டு மாட்டும் கம்பியும் கைப்பிடி ஆகாது.

காசே ஆகாத வேலைகளும் இருக்கின்றன. கூடத்துக் கால்மிதியைச் சுருட்டுங்கள். நாற்காலி ஒரு முழுச் சுற்றுத் திரும்ப ஒன்றரை மீட்டர் வேண்டும், அதற்குப் பெரும்பாலும் ஒரு சோபாவை அகற்றினால் போதும். கட்டிலும் நாற்காலியும் ஒரே உயரத்தில் இருந்தால் மாற்றி உட்காரவைப்பவரின் இடுப்பு பிழைக்கும். சாமி மாடத்தையும் கொஞ்சம் இறக்கி வையுங்கள். தன் கையால் விளக்கேற்ற முடியாமல் போனதற்காக என்னிடம் அழுத பாட்டிகள் உண்டு, அவர்கள் குளியலறையைப் பற்றிக்கூட அப்படி அழுததில்லை.

இதையெல்லாம் வீட்டுக்கு அனுப்பும் நாளன்று கேட்காதீர்கள். நோயாளி வார்டில் இருக்கும்போதே அங்குள்ள சிகிச்சையாளரைப் பிடியுங்கள். கதவின் அகலம், படியின் உயரம், கட்டிலின் உயரம் மூன்றையும் அளந்து, அளவு நாடா தெரியும்படி படம் எடுத்து வாருங்கள். நாற்காலியை அதற்குப் பிறகு வாங்கலாம். 60 வயது தாண்டியவர்களுக்கு வருமானத்தைப் பொறுத்து அதற்கும் 90 விழுக்காடு வரை உதவி கிடைக்கும், முன்கூட்டியே மதிப்பீடு செய்து விண்ணப்பித்தால். வாங்கிவிட்டு ரசீதோடு வந்து நின்றால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.