பதிப்புத் துறை வேலை: ஆஃபர் லெட்டரில் யார் பெயர் இருக்கிறது?

எம்.எஸ்சி.யோ எம்.ஏ. ஆங்கிலமோ முடித்துவிட்டு ‘பப்ளிஷிங்கில் வேலை வேண்டும்’ என்று வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று ஆய்விதழ்ப் பதிப்பகங்களின் பெயர்களைச் சொல்வார்கள்: எல்செவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி. பழம்பெருமை உள்ள பெயர்கள்தான். வைலியின் தொடக்கம் 1807இல் நியூயார்க்கில் திறந்த ஒரு அச்சுக்கூடம். ஸ்பிரிங்கர் 1842இல் பெர்லினில் புத்தகக் கடையாகத் தொடங்கியது. ஆனால் சென்னையிலும் புதுச்சேரியிலும் இவர்களின் ஆய்விதழ்களுக்கு உழைக்கும் ஏராளமானவர்களுக்குச் சம்பளம் தருவது வேறு கம்பெனி, அதாவது பதிப்பகத்தின் தயாரிப்பு வேலையை ஒப்பந்தத்தில் செய்துதரும் ‘வெண்டார்’.

இது மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். தொழில் கற்க வெண்டார் கம்பெனிதான் நல்ல இடம் என்பது என் கருத்து. காப்பி எடிட்டிங் (பிரதியைத் திருத்துவது), டைப்செட்டிங் (பக்கம் கோப்பது), எக்ஸ்எம்எல் (கணினிக்குப் புரியும்படி கட்டுரையின் பகுதிகளுக்குக் குறியிடுவது), புரூஃப் திருத்தம் எல்லாம் ஒரே மாடியில் நடக்கும். கண் திறந்திருந்தால் ஓராண்டில் முழு வேலையும் பிடிபட்டுவிடும். சிக்கல் வரவு செலவில் இருக்கிறது. பதிப்பகம் பெரும்பாலும் பக்கக் கணக்கில் பணம் தருகிறது. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதெல்லாம் விலையைக் குறைக்கச் சொல்லும். அந்த நெருக்கடி உங்கள் மேசையில் ‘டார்கெட்’ ஆக வந்து உட்காரும். க்ளையண்ட் வேறு வெண்டாருக்குப் போய்விட்டால், அந்த டீம் மொத்தமும் எங்கே போவது என்று தெரியாமல் நிற்கும்.

அதனால் நேர்காணலில் கூச்சப்படாமல் கேளுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை பக்கம்? நைட் ஷிஃப்ட் உண்டா? நோட்டீஸ் பீரியட் எவ்வளவு? இந்த வேலையில் முன்பு சேர்ந்தவர்கள் இப்போது எந்த நிலையில் இருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் யோசியுங்கள்.

சரி, எதிர்காலம்? கமா போடுவது, மேற்கோள் பட்டியலை இதழின் பாணிக்கு மாற்றுவது, டிஓஐ எண்ணை (கட்டுரையின் நிரந்தர இணைய அடையாளத்தை) சரிபார்ப்பது எல்லாவற்றையும் இன்று மென்பொருளே பெருமளவு செய்துவிடுகிறது. அதை மட்டுமே தெரிந்துவைத்திருப்பவருக்கு வாய்ப்பு சுருங்கிக்கொண்டே போகும். சந்தேகப்படத் தெரிந்தவருக்கு அப்படி இல்லை.

ஓர் உதாரணம். மைக்ரோகிராமைக் குறிக்கும் கிரேக்க ‘மியூ’ எழுத்தைப் பழைய வேர்ட் கோப்புகளில் ‘சிம்பல்’ எழுத்துருவில் ‘எம்’ விசையை அழுத்திப் போடுவதுண்டு. கோப்பை மாற்றும்போது எழுத்துரு விவரம் தொலைந்தால் அது வெறும் ‘எம்’ ஆகி நிற்கும். மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகிவிடும். மருந்தின் அளவு 1,000 மடங்கு. ஸ்பெல்லிங் பிழை கிடையாது, இலக்கணப் பிழை கிடையாது, வாக்கியம் அழகாக இருக்கும். ‘இந்த மருந்தை இவ்வளவு கொடுப்பார்களா?’ என்று நிறுத்தி, கட்டுரையாசிரியருக்கு ஒரு க்வெரி (விளக்கம் கேட்கும் குறிப்பு) போடுகிறாரே, அவரைத்தான் எல்லா மேலாளரும் தக்கவைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். எம்.எஸ்சி. படிப்புக்கு இங்கேதான் மதிப்பு.

இதே குணத்துக்கு இப்போது தனிப் பிரிவே இருக்கிறது: ‘ரிசர்ச் இன்டெக்ரிட்டி’, அதாவது ஆய்வு நேர்மையைச் சோதிப்பது. 2021இல் வைலி ஹிந்தாவி என்ற பதிப்பகத்தை 29.8 கோடி டாலருக்கு வாங்கியது. காசுக்குக் கட்டுரை தயாரித்து விற்கும் ‘பேப்பர் மில்’ சரக்கு அதன் இதழ்களில் புகுந்திருந்தது வெளியே வந்தது. 2023இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன; ஹிந்தாவி என்ற பெயரையே கைவிடுவதாக வைலி அறிவித்தது. அதன் பிறகு பெரிய பதிப்பகங்கள் பலவும் இந்தச் சோதனையை இறுக்கிவிட்டன. ஒரே நுண்ணோக்கிப் படத்தைத் திருப்பிப்போட்டு வேறு சோதனையின் முடிவாகக் காட்டியிருக்கிறார்களா, கட்டுரையை மதிப்பிடும் சக ஆய்வாளரின் மின்னஞ்சல் முகவரி போலியா என்று தோண்டுவதுதான் வேலை. காப்பி எடிட்டிங்கில் சில ஆண்டுகள் ஊறியவர்கள் இதற்கு இயல்பாகப் பொருந்துவார்கள். பியர் ரிவ்யூ (சக ஆய்வாளர் மதிப்பீடு) ஒருங்கிணைப்பு, ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட், இதழின் நிர்வாக ஆசிரியர் பணி ஆகியவையும் அடுத்த படிகளே.

சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை: ஐ.டி. நண்பர்களோடு ஒப்பிட்டால் மனசு நோகும். தொடக்கத்தில் குறைவுதான், ஏற்றமும் மெதுவாகத்தான்.

அப்புறம், பெரிய பதிப்பகத்தின் பெயரைச் சொல்லி ‘வீட்டிலிருந்தே புரூஃப் பார்க்கலாம், பயிற்சிக் கட்டணம் கட்டுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் மோசடி. முறையான பதிப்பகமோ வெண்டாரோ டெஸ்ட் வைக்கும், பணம் கேட்காது. சேரும் நாளில் ஒரிஜினல் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும். ‘பத்திரமாக இங்கேயே இருக்கட்டும்’ என்றால் நகலைக் கொடுத்துவிட்டு ஒரிஜினலோடு கிளம்பிவிடுங்கள்.