தராசு காட்டாத இழப்பு

மூட்டை கட்டி அடுக்கிய பிறகும் தானியம் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொரு மணியும் உயிருள்ள விதை அல்லவா? தன் மாவுச்சத்தைச் சிறுகச் சிறுகச் சர்க்கரையாக்கி எரித்து, கரியமில வாயு, நீர், வெப்பம் மூன்றையும் வெளியே விடுகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 180 கிராம் குளுக்கோஸ் முழுதாக எரிந்தால் 108 கிராம் நீர் உண்டாகும். அந்த நீர் மூட்டைக்குள்ளேயே ஊறித் தங்கிவிட்டால், 180 கிராம் உணவு தொலைந்த பிறகும் தராசு காட்டும் குறைவு 72 கிராம்தான்.

ஈரப்பதம் 13 சதவீதத்துக்குள் இருக்கும்வரை இந்த மூச்சு மிக மெதுவானது. 20, 25 சதவீத ஈரத்தோடு அறுத்த நெல்லைக் காயவைக்காமல் குவித்தால் வேகமெடுக்கும். வெளியாகும் நீரும் சூடும் அதை இன்னும் முடுக்கிவிடும். குவியலுக்குள் கைவிட்டாலே சுடும். பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? ஆஸ்பெர்ஜில்லஸ் வகைப் பூஞ்சைகள் சில உண்டாக்கும் அஃப்ளாடாக்சின், கல்லீரலைத் தாக்கும் நஞ்சு. சாதாரணச் சமையல் சூட்டுக்கு அழியாது. 2004-இல் கென்யாவில் ஈரத்தோடு சேமித்த மக்காச்சோளத்தால் 317 பேர் நோயுற்றனர். 125 பேர் இறந்தனர். எந்த நிறுவையும் அந்த நஞ்சைக் காட்டிக்கொடுத்திருக்காது.

பூச்சிகளின் வேலை இன்னும் கமுக்கமானது. பெண் கூன்வண்டு மணியைத் துளைத்து ஒரு முட்டை வைத்து, துளையைத் தன் கசிவால் அடைத்துவிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, சுமார் ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும். அதுவரை மூட்டை பார்வைக்குச் சுத்தம். கப்ரா வண்டின் புழுவோ முளைக்கருவில்தான் முதலில் வாய் வைக்கும். கோதுமை மணியின் எடையில் முளைக்கரு 2, 3 சதவீதமே. ஆனால் வைட்டமின் இ செறிந்திருப்பது அங்கேதான். எடையில் 2 சதவீதம் சேதாரம் என்று குறித்துக்கொள்கிறவர் சத்தில் போனதைக் குறிப்பதில்லை.

பணக் கணக்கிலும் இதே ஓட்டை. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 400 கோடி டாலர் மதிப்புள்ள தானியம் வீணாகிறது என 2011-இல் உலக வங்கி மதிப்பிட்டது. வண்டுக்குப் பயந்து, விலை சரிந்த அறுவடை நேரத்திலேயே விற்றுவிட்டு, பிறகு அதே தானியத்தைக் கூடுதல் விலைக்கு வாங்கும் குடும்பங்களின் நட்டம் எந்தச் சேதாரக் கணக்கில் வரும்? என்னைக் கேட்டால், ஏழை வீட்டை அதிகம் அரிப்பது அதுதான்.

கேமரூனில் தட்டைப்பயறுக்காக அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய தீர்வு எளிமையானது: காற்றுப் புகாத மூன்றடுக்குப் பை. (முதலில் நன்றாகக் காயவேண்டும், ஈரத்தோடு அடைத்தால் எல்லாம் கெட்டுவிடும்.) உள்ளிருக்கும் ஆக்சிஜனைப் பூச்சிகளே தீர்த்துவிடுகின்றன. அதன்பின் அவற்றைக் கொல்வது தாகம். உலர்ந்த பயற்றுக்குள் வாழும் வண்டுக்குக் குடிநீர் ஏது? உணவை எரிக்கும்போது உடலுக்குள் ஊறும் நீரை நம்பித்தான் அது வாழ்கிறது. ஆக்சிஜன் தீர்ந்ததும் அந்த ஊற்றும் வற்றிவிடுகிறது.