வடிகால் வேறு, சாக்கடை வேறு

பொறியாளர்கள் 'ஸ்டார்ம் வாட்டர் டிரெயின்' என்றும் 'ஸ்டார்ம் சூவர்' என்றும் குறிப்பிடும் அமைப்புக்குத் தமிழில் வழங்கும் பெயர் மழைநீர் வடிகால். தெருவிலும் கூரையிலும் விழும் மழையைத் திரட்டி, சுத்திகரிப்பு நிலையம் எதற்கும் அனுப்பாமல், ஓடையிலோ குளத்திலோ ஆற்றிலோ நேராகக் கொண்டுபோய் விடுவது அதன் வேலை. கோவை, திருப்பூர், ஈரோடு ஆகிய ஊர்களின் மாநகராட்சி அறிவிப்புகளில் இந்தச் சொல்லே எழுதப்படுகிறது. தெருவில் நிற்பவர் வாயில் மட்டும் அது சாக்கடை, டிச்சு, டிரைனேஜ் என்று மூன்று பெயர்களுக்குள் கலந்துவிடுகிறது. இந்தக் கலப்பு சொல்லளவில் நிற்பதில்லை. மழை பெய்யும்போது தெருவுக்கு வந்துவிடுகிறது.

முதலில் 'ஸ்டார்ம்' என்னும் முன்னொட்டு. அகராதியைப் பார்த்து இதைப் 'புயல்நீர் வடிகால்' என்று பெயர்ப்பவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் அச்சொல் இங்கே பெருமழையைத்தான் குறிக்கிறதே தவிர, கடலில் பிறந்து கரை கடக்கும் புயலை அன்று. கொங்கு நாட்டில் தெருக்களை நிரப்புவது பெரும்பாலும் சித்திரை, வைகாசியில் இடியோடு இறங்கும் கோடை மழையும், ஐப்பசியில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வரும் மழையும் ஆகும். ஆகவே 'மழைநீர்' என்பதே பொருத்தம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: பழந்தமிழில் புயல் என்றால் மேகம், மழை என்றே பொருள். 'ஏரின் உழாஅர் உழவர் புயலென்னும் வாரி வளங்குன்றிக் கால்' என்னும் குறளில் வரும் புயல் மழைதான். அந்தக் காலத்தில் 'புயல்நீர்' என்று எழுதியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

'சூவர்' என்னும் சொல்லின் பிறப்பும் அறியத்தக்கது. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் வேர் லத்தீனில் 'வெளியே' எனப் பொருள்படும் 'எக்ஸ்' என்பதும், 'நீர்' எனப் பொருள்படும் 'அக்வா' என்பதும் சேர்ந்த சொல்லாகும். குளத்தில் மிகுந்த நீரை வெளியேற்றும் வழியைத்தான் தொடக்கத்தில் அது குறித்தது. நம் ஊர்க் குளத்துக் கலிங்கு செய்யும் வேலை. கழிவு, நாற்றம் என்னும் பொருள்கள் அதன்மேல் பின்னால் படிந்தவை. லண்டன் போன்ற பழைய நகரங்களில் மழையும் வீட்டுக் கழிவும் ஒரே குழாயில் ஓடியதால், ஒரே சொல்லே இரண்டுக்கும் போதுமானதாக இருந்தது. இரண்டையும் பிரிக்கும் முறை வந்த பிறகே அவர்களுக்கு அடைமொழிகள் தேவைப்பட்டன.

தமிழுக்கு அந்தத் தொல்லை இல்லை. வடிகால் என்பது வடி, கால் என்னும் இரு சொற்கள் சேர்ந்த வினைத்தொகை. வடிந்த கால், வடிகின்ற கால், வடியும் கால் என்று மூன்று காலத்துக்கும் விரியும். இங்கே கால் என்பது நீர் செல்லும் வழி. வாய்க்கால், கால்வாய் ஆகியவற்றில் இருப்பதும் இதுவே. வடி என்னும் வினைக்கு இறங்கி ஓடுதல் என்பதோடு, வேண்டியதை நிறுத்தி வேண்டாததைப் பிரித்தல் என்னும் பொருளும் உண்டு: வெள்ளம் வடிகிறது, சோறு வடிக்கிறோம், வடிகட்டி என்கிறோம். ஆங்கில 'டிரெயின்' என்பதற்கும் பழைய ஆங்கிலத்தில் வடிகட்டுதல் என்றே பொருள் இருந்தது. வயல் வேலையில் இந்தச் சொல்லின் எல்லை இன்னும் தெளிவாகத் தெரியும். ஈரோடு மாவட்டத்துக் காலிங்கராயன் பாசனத்திலும் தடப்பள்ளிப் பாசனத்திலும் நீரைக் கொண்டுவருவது வாய்க்கால். வயலில் மிஞ்சியதைக் கொண்டுபோவது வடிகால். வரத்துக்கு ஒரு சொல், போக்குக்கு ஒரு சொல். நகரத்துக்கு வந்தபோது நாம் இதைப் புதிதாக ஆக்க வேண்டியிருக்கவில்லை. வயலில் இருந்ததை எடுத்துத் தெருவில் வைத்தோம். 'வடிகால்வாய்' என்று சில செய்தித்தாள்கள் எழுதுவதும் பிழையன்று. வடி, கால்வாய் என்று பிரிந்து அதே பொருளைத் தரும்.

கழிவுநீருக்குப் பழைய சொற்கள் தனியே இருந்தன. 'அங்கணத்துள் உக்க அமிழ்தற்றால்' என்னும் குறளில் வரும் அங்கணம், வீட்டு அழுக்குநீர் சேரும் இடம். நிலத்தடியில் செல்லும் நீர்வழிக்குச் சுருங்கை என்று பெயர். மதுரையைச் சொல்லும் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் 'சுருங்கை வீதி' வருகிறது. இச்சொல்லை வடமொழிச் 'சுருங்கா'வோடும், குழல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் ஒன்றோடும் தொடர்புபடுத்துவோர் உண்டு. அங்கணமும் சுருங்கையும் இன்று பொதுவழக்கில் இல்லை. அவற்றை மீட்டெடுக்க வேண்டிய தேவையும் எனக்குத் தெரியவில்லை. பாதாளச் சாக்கடை என்பது எல்லோருக்கும் விளங்குகிறது. அது கழிவுநீருக்கே உரியதாக நிற்கட்டும்.

கொங்கு நாட்டுக்கே உரிய ஒரு சொல்லை இங்கே விட்டுவிட முடியாது. அது பள்ளம். பிற வட்டாரத்தார்க்குப் பள்ளம் என்றால் குழி, தாழ்ந்த நிலம். இங்கே அது மழைக்காலத்தில் நீரோடும் ஓடைக்கும் பெயர். கோவையில் சங்கனூர்ப் பள்ளம், ஈரோட்டில் பெரும்பள்ளம், பிச்சைக்காரன்பள்ளம், அந்தியூர்ப் பக்கம் வரட்டுப்பள்ளம், கோபிப் பக்கம் குண்டேரிப்பள்ளம் என்று வரிசை நீளும். பின்னிரண்டிலும் அணைகளே உண்டு. ஆண்டின் பெரும்பகுதி மணலும் முள்ளுமாகக் கிடப்பதால், புதிதாகக் குடிவருகிறவர் கண்ணுக்கு அது மண் கொட்டி மேடாக்க வேண்டிய வெற்றிடமாகவே படுகிறது. உண்மையில் மனிதர் வெட்டாத மழைநீர் வடிகால் அதுதான். நகராட்சி கட்டும் கான்கிரீட் வடிகால் எதுவானாலும் கடைசியில் ஒரு பள்ளத்திலோ குளத்திலோ போய்ச் சேர்ந்தாக வேண்டும். கோவையின் குளங்கள் சங்கிலியாக அமைந்தவை: முத்தண்ணன் குளம் நிரம்பினால் செல்வசிந்தாமணிக்கும், அங்கிருந்து உக்கடம் பெரியகுளத்துக்கும், அது மிஞ்சினால் வாலாங்குளத்துக்கும் நீர் போகும். போய்ச் சேருமிடம் சுருங்கியிருக்கும்போது தெருவில் எவ்வளவு பெரிய வடிகாலைக் கட்டினாலும், நீர் வந்த வழியே திரும்பி நிற்கும்.

இனி 'மேம்படுத்துதல்'. நம் அறிக்கைகளில் தூர்வாருதல், சீரமைத்தல், மேம்படுத்துதல் ஆகிய மூன்றும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக எழுதப்படுகின்றன. அவை வேறு வேறு. தூர்வாருதல் இருக்கும் வடிகாலுக்கு அதன் பழைய கொள்ளளவைத் திருப்பித் தருகிறது. சீரமைத்தல் இடிந்ததைக் கட்டுகிறது. மேம்படுத்துதல் மட்டுமே கொள்ளளவைக் கூட்டுகிறது. அதற்குக் கணக்கு வேண்டும். ஒரு ஹெக்டேர் நிலத்தில் மணிக்கு 36 மில்லிமீட்டர் வீதம் மழை பெய்தால், அதில் ஒரு சொட்டும் மண்ணுக்குள் இறங்காத நிலையில், நொடிக்கு 100 லிட்டர் நீர் ஓடிவரும். அந்த நிலம் தோட்டமாக இருந்த காலத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ 20 லிட்டர், ஓடிவந்திருக்கலாம். கூரையும் தார்ச்சாலையும் சிமென்ட் வாசலுமாக மாறிய பிறகு 90 லிட்டர் வரும். மழை கூடவில்லை, ஓட்டம் நாலரை மடங்காகிவிட்டது. தென்னந்தோப்பையும் சோளக்காட்டையும் மனையாக்கிய புறநகர் ஒவ்வொன்றிலும் நடந்திருப்பது இதுதான்.

எந்த மழைக்குக் கட்டுவது என்பது அடுத்த கேள்வி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரத்தக்க மழைக்கா, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வரத்தக்கதற்கா என்று தீர்மானித்துத்தான் அளவு குறிக்கப்படுகிறது; மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பு 2019இல் வெளியிட்ட மழைநீர் வடிகால் கையேடும் இப்படித்தான் வகுக்கிறது. இந்தக் கால இடைவெளியை 'மீள்வுக் காலம்' எனலாம். குழாயின் அளவில் ஒரு நன்மை இருக்கிறது: சரிவு மாறாமல் விட்டத்தை இருமடங்காக்கினால் கொள்ளளவு இருமடங்கு அன்று, ஆறு மடங்குக்கும் மேல் கூடும். சரிவு கிடைக்காத இடத்தில் இந்த நன்மை குறைந்துவிடும். கோவை லங்கா கார்னர் போன்ற ரயில்வே கீழ்ப்பாலங்களில் சாலையே சுற்றுப்புறத்தைவிடத் தாழ்ந்திருப்பதால், அங்கே மோட்டார் வைத்து இறைப்பதே வழியாகிறது.

இவ்வளவு கணக்கும் ஒரு சாண் அகலத் துளையில் தோற்றுப்போவதை எந்த வீதியிலும் பார்க்கலாம். சாலையோரக் கல்லில் விட்டிருக்கும் நீர்புகு துளை, மேலே மேலே தார் போட்டதில் பாதி மூடியிருக்கும்; மீதியில் டீக்கடைக் காகித டம்ளரும், கிழிந்த பிளக்ஸ் துண்டும், திருப்பூரானால் பனியன் கட்டிங் வேஸ்டும் திணிந்திருக்கும். உள்ளே வடிகால் வெறுமையாக இருக்க, வெளியே முழங்கால் அளவு நீர் நிற்கும். இன்னொரு வகைத் தெருவில் வடிகால் வெயில் காலத்திலும் கறுப்பாக ஓடும். பக்கத்து வீடுகளின் கழிவுக் குழாயை அதில் இணைத்திருப்பார்கள். 'சாக்கடைதானே, விட்டால் என்ன' என்பதே அதற்குச் சொல்லப்படும் நியாயம். பெயரை மாற்றிச் சொன்னதன் விலை இதுதான்: சுத்திகரிப்புக்குப் போக வேண்டியது நேரே நொய்யலுக்குப் போகிறது.

வார்டு அலுவலகத்தில் மனு எழுதும்போதும் இந்த வேறுபாடு உதவும். மழை பெய்தால் மட்டும் நீர் நிற்கிறது என்றால் 'மழைநீர் வடிகால் அடைப்பு' என்றும், வறண்ட நாளிலும் மூடி வழியே பொங்கி நாறுகிறது என்றால் 'பாதாளச் சாக்கடை அடைப்பு' என்றும் எழுத வேண்டும். வீட்டுக் கழிவு வடிகாலில் கலப்பது தெரிந்தால், அதை அடைப்பு என்று எழுதாமல் 'மழைநீர் வடிகாலில் முறையற்ற கழிவுநீர் இணைப்பு' என்றே குறிப்பிடலாம். முன்னதற்குத் தூர்வாரும் ஆட்கள் வருவார்கள், பின்னதற்கு இணைப்பைத் துண்டிக்க வேண்டியவர்கள் வர வேண்டும்.