கேரம் ஸ்ட்ரைக்கரும் எம்1 கார்பைனும்

அமெரிக்காவில் வீட்டுக் காவலுக்கு எந்தத் துப்பாக்கி நல்லது என்ற பேச்சு எடுத்தால், கூட்டத்தில் ஒருவராவது "எனக்கு எங்க தாத்தாவோட கார்பைனே போதும்" என்பார். அவர் சொல்வது பெரும்பாலும் எம்1 கார்பைன் என்ற குட்டையான, எடை குறைந்த ரைஃபிளாக இருக்கும். இரண்டாம் உலகப் போருக்காக 1942 முதல் 1945 வரை 60 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். 80 வருடத்துப் பழைய சாமானை வைத்துக்கொண்டு திருடனை விரட்டுவதா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் அதை யாருக்காகச் செய்தார்கள் என்று தெரிந்தால் அவ்வளவு சிரிப்பு வராது.

முன்வரிசை வீரனுக்கு எம்1 கராண்ட் என்ற பெரிய ரைஃபிள் இருந்தது, 4.3 கிலோ. லாரி ஓட்டுபவர், ரேடியோக்காரர், மோர்ட்டார் என்ற சிறு பீரங்கியைத் தூக்குபவர் இவர்களுக்கெல்லாம் சுடுவது முக்கிய வேலை இல்லை, அந்த எடையைச் சுமந்துகொண்டு அவரவர் வேலையைப் பார்க்கவும் முடியாது. சரி, பிஸ்டல் கொடுக்கலாமே என்றால், பிஸ்டலில் குறி தவறாமல் சுடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதன் முன் குறிமுனைக்கும் பின் குறிமுனைக்கும் இடையே 15 சென்டிமீட்டர்தான் இருக்கும். கை நடுங்கி முன்முனை 1 மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தூரத்தில் குண்டு கிட்டத்தட்ட 7 சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும். கார்பைனில் அந்த இடைவெளி அரை மீட்டருக்கும் மேல், அதே நடுக்கத்துக்கு விலகல் 2 சென்டிமீட்டர்கூட வராது. போதாததற்குத் தோளும் இரண்டு கைகளும் சேர்ந்து பிடித்துக்கொள்கின்றன. எடையோ 2.4 கிலோ. நடுராத்திரியில் சத்தம் கேட்டுப் பதறி எழும் வீட்டுக்காரரும் அந்த லாரி டிரைவர் மாதிரிதான், சுடுவது அவர் தொழில் இல்லை.

அடுத்தது தோட்டா. குண்டின் எடை சுமார் 7 கிராம், குழலை விட்டு நொடிக்கு 600 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. கணக்குப் போட்டால் அதன் ஆற்றல் 1,300 ஜூல் வருகிறது. சாதாரண 9 மி.மீ. பிஸ்டல் குண்டுக்கு 500 ஜூலை ஒட்டி, கராண்டுக்கு 3,500 பக்கம். அதாவது பிஸ்டலைவிட இரண்டரை மடங்கு, பெரிய ரைஃபிளில் பாதிகூட இல்லை. இதனால் தோளில் விழும் உதை கராண்டில் மூன்றில் ஒரு பங்குதான். முதல் உதையிலேயே கண்ணை மூடிக்கொள்பவர்கள் இரண்டாவது குண்டை எங்கேயோ விடுவார்கள், இதில் அந்தத் தொல்லை குறைவு.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் உள்ளே நடக்கும் வேலை. விசையை இழுத்ததும் மருந்து எரிந்து, குண்டு குழலுக்குள் ஓடத் தொடங்குகிறது. போகும் வழியில் குழலின் அடியில் ஒரு சிறு துளை. குண்டு அதைத் தாண்டியதும் பின்னால் வரும் சூடான வாயுவில் கொஞ்சம் துளை வழியே இறங்கி, விரல்நுனி அளவே இருக்கும் ஒரு பிஸ்டனைப் பின்னால் தள்ளுகிறது. அந்தப் பிஸ்டன் நகர்வது 4 மில்லிமீட்டர்கூட இல்லை! கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் காயை நேராக அடித்துவிட்டுப் பின்தங்கிவிட, காய் மட்டும் பாக்கெட் வரை ஓடுகிறதே, கிட்டத்தட்ட அதேதான் இங்கேயும். பிஸ்டன் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நின்றுவிடும். தட்டு வாங்கிய ஸ்லைடு என்ற நகரும் துண்டு அந்த வேகத்திலேயே பின்னால் ஓடும். முதலில் கொஞ்ச தூரம் சும்மா ஓடுகிறது, அதற்குள் குண்டு வெளியேறி உள்ளே அழுத்தம் இறங்கிவிடும். அப்புறம்தான் ஸ்லைடில் வெட்டியிருக்கும் சாய்வான பள்ளம், குழலின் பின்வாயை அடைத்திருக்கும் போல்டைத் திருப்பிப் பூட்டைத் திறக்கிறது. காலிக்கூடு வெளியே தெறிக்க, ஸ்பிரிங் எல்லாவற்றையும் முன்னால் தள்ளி மேகசின் என்ற தோட்டாப் பெட்டியிலிருந்து அடுத்த தோட்டாவை ஏற்றிவிடுகிறது. குழல் நெடுக ஓடும் நீளமான தண்டு தேவைப்படாததும் எடை இவ்வளவு குறைய ஒரு காரணம்.

இந்தக் குட்டிப் பிஸ்டன் யோசனை டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ் என்பவருடையது. கள்ளச்சாராய ரெய்டில் ஒரு போலீஸ் அதிகாரி இறந்த வழக்கில் வட கரோலினா சிறையில் இருந்தபோதே துப்பாக்கி செய்யத் தொடங்கியவர். கார்பைன் முழுவதையும் அவர் ஒருவரே செய்ததாகக் கதை உலவுகிறது, உண்மையில் அது வின்செஸ்டர் கம்பெனியில் ஒரு குழுவே சேர்ந்து செய்தது.

குறைகளும் உண்டு. முதலில் வந்த மாடலில் தவறி வெடிக்காமல் தடுக்கும் சேஃப்டி பொத்தானும் மேகசினைக் கழற்றும் பொத்தானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சேஃப்டியை எடுக்கப் போய் மேகசினைக் கீழே போட்டார்கள் வீரர்கள். பிறகு சேஃப்டியைத் திருப்பும் நெம்புகோலாக மாற்றினார்கள். இன்று வாங்குபவர் தன் துப்பாக்கியில் இருப்பது எது என்று முதல் வேலையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், இருட்டில் விரல் தப்பு செய்யும். கொரியப் போரில் எதிரியின் பஞ்சுக் கோட்டை இந்தக் குண்டு துளைக்கவில்லை என்று ஒரு புகார் கிளம்பியது. 1,300 ஜூல் குண்டைப் பஞ்சு நிறுத்தாது, குறி தப்பியிருக்கும். அந்தக் குளிரில் எண்ணெய் இறுகி கார்பைன் திணறியது மட்டும் நிஜம்.

வீட்டுக்குள் பெரிய தலைவலி சுவர். அமெரிக்க வீடுகளில் உள்சுவர் என்பது மரச்சட்டத்தின் இரு பக்கமும் அடித்த ஜிப்சம் பலகை, அவ்வளவுதான். முழுக்கச் செம்பு உறை போட்ட ராணுவக் குண்டு நாலைந்து பலகைகளைத் தாண்டி அடுத்த அறையில் தூங்கும் பிள்ளையிடம் போய்விடும். நுனியில் ஈயம் தெரியும் குண்டுகள் பட்டதும் விரிவதால் உடம்புக்குள் சீக்கிரம் நிற்கும், ஆனால் குறி தப்பினால் அவையும் சுவரைத் துளைக்கும். மூடிய அறையில் எழும் சத்தம் காதை என்ன செய்யும் என்பது தனிக் கதை.

1963-இல் அரசு கழித்துவிட்ட கார்பைன்களை 20 டாலருக்கு விற்றார்கள். அந்த விலைக்கு இதைவிட நல்ல வீட்டுத் துப்பாக்கி கிடைத்திருக்காது. இன்று ஆயிரம் டாலருக்கு மேல் போகிறது, தோட்டாவும் 9 மி.மீ. போல மலிவாக எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. விலை ஏறியது சேகரிப்பவர்களால். பின் குறிமுனைக்குப் பின்னால் செய்தவர் பெயர் பொறித்திருக்கும். டைப்ரைட்டர் செய்த அண்டர்வுட், ஜூக்பாக்ஸ் செய்த ராக்-ஓலா, ஏன், ஐபிஎம்கூட இருக்கிறது. தாத்தாவின் கார்பைனில் ராக்-ஓலா என்று இருந்தால் நானாக இருந்தால் விற்றுவிடுவேன். வருகிற காசில் புதிதாக ஒன்றும் பூட்டுப் போட்ட ஒரு பெட்டியும் வாங்கி, மிச்சத்தைப் பயிற்சிக்குச் செலவழிக்கலாம்.