கல்லுப்பு ஏன் வெடிக்கிறது?

திருஷ்டி சுற்றி அடுப்பில் போடும் கல்லுப்பு படபடவென்று வெடிப்பது ஏன் என்றும், கண்ணேறு மிகுந்திருந்தால் சத்தமும் மிகும் என்று வீட்டில் சொல்வது உண்மையா என்றும் கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

திண்மத்தில் அணுக்கள் தத்தம் இடத்திலேயே அதிரும், நீர்மத்தில் நெருக்கம் குறையாமல் இடம் மாறும், வாயுவில் பிடி விட்டுப் பறக்கும் என்பது பள்ளியிலேயே படித்ததுதான். இம்மூன்றும் ஒரே கல்லுப்புக்குள் நடந்தேறுகின்றன.

புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணம் உப்பளத்தில், பாத்தியில் பாய்ச்சிய கடல்நீர் சுண்டிச் சுண்டிப் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வரும்போது உப்பு படியத் தொடங்குகிறது. ஒவ்வொரு சோடியம் அயனியை (அதாவது மின்சுமை ஏறிய அணுவை)ச் சுற்றியும் ஆறு குளோரைடு அயனிகள், ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம் அயனிகள் என்று அடுக்கு வளர்வதால் படிகம் கனசதுரமாகிறது. ஆனால் அது எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. என்னை மிகவும் மயக்குவது இதுதான். முகத்தின் நடுப்பகுதிக்கு ஒரு திசையிலிருந்து மட்டுமே அயனிகள் வந்து சேர முடியும், விளிம்புக்கும் மூலைக்குமோ பல திசைகளிலிருந்தும் வரும். ஆகவே மூலைகளும் விளிம்புகளும் முந்திக்கொள்ள, நடுப்பகுதி பின்தங்கிக் குழிந்துபோகிறது. வளர்ச்சி நிதானப்பட்டதும் அக்குழியின் மேல் புதிய அடுக்கு மூடிக்கொள்ள, உள்ளேயிருந்த உப்புநீர் அங்கேயே சிறைப்படுகிறது. பிறகு எத்தனை நாள் வெயிலில் காயவைத்தாலும் அது வெளியேறுவதில்லை.

உப்பு உருகுவதற்கு 801 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை வேண்டும் என்பதால், தணலில் விழுந்த கல்லின் அயனிகள் கூடுதலாக அதிர்ந்தாலும் அடுக்கு கலைவதில்லை. சிறைப்பட்ட நீரின் மூலக்கூறுகளோ ஒன்றையொன்று பற்றியிருந்த பிடியை அறுத்துக்கொண்டு குழியின் சுவரில் மோதுகின்றன. திறந்த வெளியில் ஆவியாகும் நீர் 1,600 மடங்குக்கும் மேல் விரியும். இங்கே விரிய இடமில்லாததால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. உப்புக்கு வளைந்து கொடுக்கும் குணமும் கிடையாது: அடுக்கு ஓர் அயனியின் அகலம் நகர்ந்தாலே ஒத்த மின்சுமைகள் எதிரெதிரே வந்து ஒன்றையொன்று தள்ளும் என்பதால், கல் அதன் முகங்களுக்கு இணையாகப் படீரென்று பிளக்கிறது. அரைத்து உலர்த்திய தூள் உப்பில் குழிகள் முன்பே உடைந்து நீர் போய்விடுவதால் இவ்வளவு ஆரவாரம் இருக்காது.

பிள்ளைக்குச் சுற்றிப் போடும் பாட்டியின் அன்போடு எனக்கு வழக்கில்லை. அந்தச் சத்தத்தை வைத்து எதிர்வீட்டுக்காரரின் கண்ணை அளப்பதோடுதான் வழக்கு. யாரையும் சுற்றாத ஒரு பிடி கல்லுப்பையும் அதே தணலில் போட்டுப் பார்க்கலாம். சில்லுகள் தெறிக்கும் என்பதால் சற்றுத் தள்ளி நின்றே பார்க்க வேண்டும்.