கிட் போடாத கையெழுத்து

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற புரோகிராமில் ஒரு கமிட்டை, அதாவது ஒரு மாற்றப் பதிவை, டிஜிட்டல் கையெழுத்தோடு பதியச் சொன்னால், அந்தக் கையெழுத்தை கிட் போடுவதில்லை. அதற்கான கணக்கே அதற்குத் தெரியாது. வழக்கமாக ஜிபிஜி என்ற வேறொரு புரோகிராமை ஓடவிட்டு, கமிட்டின் விவரத்தை அதனிடம் தள்ளுகிறது; திரும்பி வரும் கையெழுத்தை வாங்கி கமிட்டுக்குள் வைத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

ஜிபிஜியின் 1.0 பதிப்பு 1999இல் வந்தது. எழுதியவர் ஜெர்மனியின் வெர்னர் கோக். கொடுத்ததை ஹாஷ் என்ற சிறு எண்ணாகச் சுருக்கி, அதன்மேல் ரகசியச் சாவியால் கையெழுத்திடும். 2.1 பதிப்பிலிருந்து ரகசியச் சாவியை ஜிபிஜியே தொடுவதில்லை. ஏஜென்ட் என்று பின்னணியில் ஓடும் தனி புரோகிராம்தான் வைத்திருக்கிறது. ஆக, கிட்டில் ஏதாவது ஓட்டை இருந்தாலும் சாவி அதன் கைக்கே வந்திருக்காது. மட் போன்ற மெயில் புரோகிராம்கள் குறியாக்கத்தையும் இப்படித்தான் ஜிபிஜியிடம் விட்டுவிடுகின்றன.

சரி, கையெழுத்து சரியா என்று கேட்ட புரோகிராமுக்குப் பதில் எப்படிப் போகிறது? மனிதருக்கான செய்தியை நம்ப முடியாது. கணினியின் மொழியைப் பொறுத்து அது மாறும். அதனால் ஜிபிஜி மாறாத சொற்களில் நிலைவரிகளைத் தனியே எழுதுகிறது. கையெழுத்து பொருந்தினால் 'குட்சிக்' என்று ஒரு வரி.

சிக்கல் அந்த வரியில்தான் வந்தது. கூடுதல் விவரம் கேட்டு ஜிபிஜியை ஓட்டினால், செய்திக்குள் இருக்கும் கோப்பின் பெயரையும் அது அச்சிடும். அந்தப் பெயரை எழுதுபவர் செய்தியை அனுப்புபவர்! பெயரின் நடுவே ஒரு வரிமுறிவு வைத்து, அதற்கு அடுத்து 'குட்சிக்' என்று எழுதிவிட்டால்? ஜிபிஜி அதை வடிகட்டவில்லை. நிலைவரிகளையும் பிழைச் செய்திகளையும் ஒரே குழாயில், அதாவது ஒரே வெளியீட்டு வழியில், வாங்கிய புரோகிராம்கள் அந்தப் போலி வரியை அசல் என்றே எடுத்துக்கொண்டன. கையெழுத்தே இல்லாத மெயிலுக்கும் 'சரியான கையெழுத்து' என்று காட்ட வைக்க முடிந்தது. தண்டர்பேர்ட் மெயில் புரோகிராமுக்கான எனிக்மெயில் என்ற துணைநிரலும் இதில் சிக்கியது.

2018 ஜூனில் பாதுகாப்பு ஆய்வாளர் மார்கஸ் பிரிங்க்மன் இதை வெளியிட்டார். சிக்ஸ்பூஃப் என்று பெயர். கணிதத்தில் ஒரு பிழையும் இல்லை என்பதுதான் வேடிக்கை. ஜிபிஜி 2.2.8 கோப்புப் பெயரை வடிகட்டியது. அழைக்கும் புரோகிராம் செய்ய வேண்டியதும் உண்டு: நிலைவரிகளுக்கென்றே தனிக் குழாய் வைக்க வேண்டும். அப்புறம், 'குட்சிக்' வந்ததோடு நிற்காமல், 'வேலிட்சிக்' என்ற இன்னொரு நிலைவரியில் வரும் சாவியின் கைரேகை (சாவியை அடையாளம் காட்டும் எண்) நாம் எதிர்பார்த்த ஆளுடையதுதானா என்றும் ஒப்பிட வேண்டும். சாவியில் யார் பெயரை வேண்டுமானாலும் யாரும் எழுதிக்கொள்ளலாம்.