கள்ளனுக்கு முன்னால் பல்லியைக் கவனியுங்கள்

பாளையங்கோட்டை, பெருமாள்புரம் பக்கம் பிள்ளைகளெல்லாம் சென்னையிலும் துபாயிலும் இருக்க, வயசானவர்கள் மட்டும் இருக்கிற வீடுகள் நிறைய. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி தாண்டினால் வருஷத்துக்கு ஒரு தடவை கோயில் கொடைக்கு மட்டும் திறக்கிற வீடுகளும் உண்டு. இவர்கள் கேட்பது ஒன்றுதான்: ஐயாயிரம் ரூபாய்க்குள் ஒரு வயர்லெஸ் அலாரம் வாங்கி மாட்டினால் உருப்படியாக வேலை செய்யுமா?

செய்யும். ஆனால் மலிவான அலாரம் தோற்றுப்போவது பெரும்பாலும் கள்ளனிடம் இல்லை. பல்லி, பூனை, ஆடிக் காற்று, கரண்ட் கட் இவற்றிடம்தான். நடுராத்திரி நாலு தடவை சும்மா கத்தினால் ஐந்தாவது தடவை வீட்டுக்காரரே அதை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார். எதிர்வீட்டு ஆச்சியும் "அது கெடக்கு, அப்படித்தான் கத்தும்" என்று திரும்பிப் படுத்துக்கொள்வாள். அதனால் கடையில் எவ்வளவு சத்தம் போடும் என்று கேட்பதைவிட, எதற்கெல்லாம் சத்தம் போடாமல் இருக்கும் என்று பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம்.

பெட்டியைப் பிரித்தால் ஒரு பேனல் (சென்சார் சொல்வதைக் கேட்டு அலாரத்தை இயக்குகிற பெட்டி), ஒரு சைரன், ரிமோட், அப்புறம் இரண்டு வகை சென்சார் இருக்கும். இதில் நான் அதிகம் நம்புவது கதவில் ஒட்டுகிற சின்ன காந்த சென்சாரைத்தான். இதன் உள்ளே இருப்பது ரீடு சுவிட்ச். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் 1936-ல் உருவாக்கியது, பிறகு டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் ஏராளமாகப் பயன்பட்டது. சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய இரும்பு-நிக்கல் தகடுகள், நுனிகள் மட்டும் மயிரிழை இடைவெளியில். காந்தம் பக்கத்தில் இருந்தால் ஒட்டிக்கொள்ளும், கதவு திறந்து காந்தம் விலகினால் விட்டுவிடும். அவ்வளவுதான். ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் விலகினால்தான் பெரும்பாலானவை அலாரத்தை எழுப்பும், ஆகவே ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றில் பழைய தேக்குக் கதவு லேசாக ஆடினாலும் இது கண்டுகொள்ளாது. அதிர்வு சென்சார் என்று தனியாக விற்பார்கள், அது அந்தக் காற்றுக்கே கத்தும். நம் ஊருக்கு வேண்டாம். இரும்புக் கதவு, கிரில் கேட் என்றால் மட்டும் ஒரு சிக்கல்: இரும்பு காந்தப் புலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், கதவு மூடியிருக்கும்போதே திறந்திருப்பதாகச் சென்சார் நினைக்கும். நடுவில் கால் அங்குல மரத்துண்டோ பிளாஸ்டிக்கோ வைத்து ஒட்டினால் சரியாகிவிடும்.

இரண்டாவது, மூலையில் மாட்டுகிற பிஐஆர் சென்சார். பலரும் இதை ஒரு கேமரா மாதிரி நினைக்கிறார்கள். அது படம் பார்ப்பதில்லை, வெப்பம் நகர்வதைப் பார்க்கிறது. நம் உடம்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் வந்துகொண்டே இருக்கிறது, அலைநீளம் ஏறத்தாழ 9, 10 மைக்ரோமீட்டர். சென்சாருக்குள் வெப்பம் மாறினால் மின்னூட்டம் தருகிற படிகத் துண்டுகள் இரண்டு, ஒன்றுக்கொன்று எதிராக இணைக்கப்பட்டிருக்கும். அறை முழுக்க ஒரே சீராகச் சூடானால் இரண்டும் ஒன்றையொன்று கழித்துவிடும், சத்தமில்லை. முன்னால் இருக்கிற வரிவரியான வெள்ளை பிளாஸ்டிக் லென்ஸ் அறையைப் பல விசிறிப் பட்டைகளாகப் பிரிக்கிறது. ஓர் ஆள் பட்டையைக் குறுக்கே தாண்டும்போது முதலில் ஒரு துண்டு, பிறகு அடுத்தது என்று வெப்பம் மாறி மாறி விழும். அந்த ஏற்ற இறக்கம்தான் அலாரம். குறுக்கே நடந்தால் உடனே பிடிக்கும், நேராகச் சென்சாரைப் பார்த்து நடந்து வந்தால் தாமதமாகத்தான் பிடிக்கும். அதனால் வாசலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டாதீர்கள், பக்கச்சுவரில் மாட்டுங்கள். ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரை விடாது, எனவே வெளியே ஜன்னலோரம் நிற்கிறவனை உள்ளே இருக்கிற பிஐஆர் பார்க்காது.

இப்போது நம் ஊர் வெயிலுக்கு வருவோம். தோலின் மேற்பரப்பு 33, 34 டிகிரிதான் இருக்கும். அக்னி நட்சத்திரத்தில் பூட்டிக் கிடக்கிற கான்கிரீட் வீட்டில், பகலெல்லாம் வெந்த தளம் ராத்திரியும் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும்போது, சுவரும் கிட்டத்தட்ட அதே சூட்டுக்கு வந்துவிடும். ஆளுக்கும் சுவருக்கும் வித்தியாசம் இல்லையென்றால் சென்சாருக்கு ஆளே இல்லை. வெப்ப ஈடுசெய்தல் உள்ள மாடல் என்று அட்டையில் போட்டிருந்தால் கொஞ்சம் கூடுதல் காசு கொடுக்கலாம், அது சூடு ஏற ஏறத் தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்ளும். சித்திரை மாசம் மூன்று மணி வெயிலில் வீட்டைப் பூட்டிவைத்து, சைரனை அணைத்துவிட்டு, உள்ளே நடந்து பாருங்கள். அப்போது பிடித்தால் எப்போதும் பிடிக்கும்.

பல்லிக்கு வருவோம். பட்டாசலில் டியூப்லைட் பக்கத்தில் பிஐஆரை மாட்டினால், பூச்சிக்கு வருகிற பல்லி நேரே லென்ஸ் மேலேயே ஊர்ந்து போகும். தூரத்தில் அது ஒன்றுமே இல்லை. லென்ஸில் ஒட்டிக்கொண்டு நகர்ந்தால் ஒரு பட்டை முழுவதையும் அதன் வயிறே மறைத்துவிடும், சென்சாருக்கு அது ஆள் அளவு. எறும்பும் சிலந்தியும் உள்ளேயே குடியேறும். வயர் ஓட்டைகளைச் சிலிகான் வைத்து அடைத்துவிட்டு, விளக்குக்கு எட்டத்தில் மாட்டினால் பாதித் தொந்தரவு தீர்ந்துவிடும். பூனைக்காக 'செல்லப்பிராணிக்குக் கத்தாது' என்று விற்கிற மாடல், தரையைப் பார்க்கிற பட்டைகளைக் குறைத்துச் செய்தது. பூனை மச்சுப்படியில் ஏறினால் அந்த வாக்குறுதி அங்கேயே முடிந்தது.

சரி, சென்சார் பார்த்ததைப் பேனலுக்கு எப்படிச் சொல்கிறது? மலிவானவை பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவில் ஒரே ஓர் எண்ணைத் திரும்பத் திரும்பக் கத்தும். அந்த எண் 20 பிட் (பூஜ்ஜியமோ ஒன்றோ, இருபது இடங்கள்) நீளம், அதாவது பத்து லட்சத்துக்கு மேல் சேர்க்கைகள்; பக்கத்து வீட்டு அலாரத்தோடு மோதாது. ஆனால் இது ஒருவழிப் பேச்சு. கேட்டதா என்று சென்சார் காத்திருக்காது, பேட்டரி செத்துப்போன சென்சார் செத்தது பேனலுக்கும் தெரியாது. ரிமோட் அனுப்புகிற எண்ணைப் பதிவு செய்து திரும்ப ஒலிபரப்பி அலாரத்தை அணைக்கவும் முடியும் என்பது உண்மைதான். ஆனால் புறவாசல் கதவை நெம்புகிறவன் ரேடியோப் பெட்டியோடு வருவது அபூர்வம். எனக்குச் செத்த பேட்டரிதான் பெரிய கவலை. பேட்டரி குறைந்தால் அறிவிக்கிற, சென்சார் இருக்கிறதா என்று அவ்வப்போது சரிபார்க்கிற மாடலைக் கேட்டு வாங்குங்கள். ரிமோட் எண் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் மாறுகிறதென்றால் இன்னும் நல்லது.

அட்டையில் 100 மீட்டர் என்று போட்டிருப்பது வெட்டவெளிக் கணக்கு. தார்சா, பட்டாசல், ரெண்டாங்கட்டு, அடுக்களை என்று நீண்டு கிடக்கிற பழைய வீட்டில் ஒவ்வொரு சுவரும் கொஞ்சம் தின்னும். கள்ளன் கையில் சிக்கக் கூடாதென்று பேனலை இரும்பு பீரோவுக்குள் வைக்கிறவர்களும் உண்டு. இரும்புப் பெட்டிக்குள் ரேடியோ வராது, பேனல் செவிடாகிவிடும். வீட்டின் நடுவில், உயரத்தில் வையுங்கள்.

கரண்ட் போனால் பேனலின் உள் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். ஆனால் வைஃபை அலாரம் என்றால் ரவுட்டரும் இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செய்தி வீட்டைத் தாண்டாது. சிம் போடுகிற பேனலில் ஒன்றைக் கவனியுங்கள்: வெறும் ஜிஎஸ்எம் என்று எழுதியிருந்தால் அது 2ஜி, ஜியோவுக்கு 2ஜியே கிடையாது, அந்த சிம்மைப் போட்டால் பேனல் ஊமை. ரீசார்ஜ் முடிந்துபோன சிம்மும் அப்படியே.

சைரன் ஒரு மீட்டரில் 100 டெசிபல் என்றால், தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 குறையும்; 16 மீட்டரில் 76தான், அதுவும் ஜன்னலைச் சாத்தி ஃபேன் போட்டுத் தூங்குகிறவருக்குக் கேட்பது இன்னும் குறைவு. அதனால் சைரனை மட்டும் நம்பாமல் போன் வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பேனலில் முதல் நம்பராகத் துபாயில் இருக்கிற மகனுடையதைப் போட வேண்டாம், அவன் அங்கிருந்து பதறத்தான் முடியும். எதிர்வீட்டு அண்ணாச்சியிடம் கேட்டு அவர் நம்பரைப் போடுங்கள், மகனுடையது இரண்டாவதாக இருக்கட்டும். ஊருக்குப் போகும்போது பக்கத்து ஸ்டேஷனிலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள், பூட்டிய வீடு என்று ரோந்தில் எட்டிப் பார்ப்பார்கள்.